கார்டு மாமா வீட்டுத் தொடர்கதை

நம் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் நான் வாய் திறக்காதவள் என்று உங்களுக்குத் தெரியும். யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு பூங்கொத்துப் படம், யாராவது தவறிப்போனால் கூப்பிய கை. அதற்கு மேல் என் விரல் போகாது. நேரிலும் அப்படித்தான். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

போன வாரம் உங்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "நாம கேட்ட கதையில எல்லாம் நீதி இருந்தது. இப்போ வர்ற கதையில என்ன இருக்கு?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் மட்டும் போடவில்லை. போடாததை யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆனால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கொல்கத்தா நியூ டவுனில் என் மகன் குடியிருக்கும் அடுக்குமாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை வாசிக்கிறேன். ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெற்றோர்களின் பிள்ளைகள். தமிழ் புரியும், படிக்க வராது. அந்தத் தாய்மார்களில் ஒருத்தி, நல்ல பெண், சென்ற ஞாயிறு வகுப்பு முடிந்ததும் வந்து சொன்னாள்: "ஆன்ட்டி, ஒவ்வொரு கதைக்கும் கடைசியில மாரல் என்னன்னு ஒரே ஒரு லைன் சொல்லிடுங்க. பசங்க எழுதிக்கட்டும். வேல்யூஸ் வேணும்ல?"

நான் வழக்கம்போல "பார்க்கலாம்மா" என்றேன்.

பார்க்கப் போவதில்லை. சொல்லப் போவதில்லை. அவளிடம் முகத்துக்கு நேரே அதை விளக்க எனக்குத் தைரியம் வராது. படிப்பும் போதாது, நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களெல்லாம் ஹவுராவுக்குப் பக்கத்தில் சாந்த்ராகாச்சி ரயில் யார்டின் சத்தத்தில் தூங்கி எழுந்தவர்கள். கார்டு மாமா வீட்டை உங்களுக்குத் தெரியும். அந்த மழைக்காலத்தில் அங்கே நடந்ததை, நீங்கள் வெளியே பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது உள்ளே உட்கார்ந்து நான் கேட்டதை, சொல்கிறேன்.

கார்டு மாமா கூட்ஸ் வண்டியில் கார்டு. திருநெல்வேலிப் பக்கம். அவர் லைனுக்குப் போனால் எப்போது வருவார் என்று அத்தைக்கே தெரியாது. ராத்திரி ஆள் வந்து கதவைத் தட்டிக் கூப்பிடும், போய்விடுவார். திரும்பி வரும்போது சட்டையில் நிலக்கரி வாசனையும் கையில் தமிழ் வாரப்பத்திரிகையும் இருக்கும். சென்னையிலிருந்து வரும் வண்டியில் அவருக்கு யாரோ கொடுத்தனுப்புவார்கள். நம் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு பிரதிதான். மழைக்காலத்தில் அது நமுத்த அப்பளம் மாதிரி வந்து சேரும். அத்தை அதைத் தோசைக்கல் சூட்டில் காட்டி உலர்த்துவார். அதனால் அந்தத் தொடர்கதைக்கு எங்களுக்கு எப்போதும் லேசான நல்லெண்ணெய் மணம் உண்டு.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. மாமாவுக்கு எந்த நாள் ரெஸ்ட்டோ அந்த நாள் சாயங்காலம் அவர் வீட்டு முன்னறையில் தொடர்கதை சத்தமாக வாசிக்கப்படும். அதற்கு முன்னால் எந்த வீட்டிலும் அந்தப் பக்கத்தைப் புரட்டக் கூடாது. வாசித்தபிறகு பத்திரிகை வீடு வீடாகப் போகும்.

சட்டம் போட்டது மாமா. காரணம், அக்கா.

மாமாவின் ஒரே மகளை நாம் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அந்த வருஷம் ஹையர் செகண்டரி முடித்திருந்தாள். நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப்போட்டு, இடமும் கிடைத்துவிட்டது. துர்கா பூஜை லீவு முடிந்ததும் போய்ச் சேர வேண்டும். மாமா முடியாது என்றார். "நைட் டியூட்டி பாக்கிற பொண்ண எவன் கட்டுவான்?" அதோடு பேச்சு நின்றது. அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. சோறு மட்டும் பாதியாகக் குறைந்தது என்று அத்தை என் அம்மாவிடம் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தொடர்கதை ஆரம்பித்தது. ஒரு குமாஸ்தாவின் மகள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேருகிறாள். ராத்திரி ஷிஃப்ட். அவளுக்கு என்னென்ன கேடு வரப்போகிறது என்று முதல் வாரத்திலேயே எழுதியவர் கோடி காட்டியிருந்தார். மாமா அதைப் படித்ததும் கடவுளே அனுப்பி வைத்ததாக நினைத்திருக்க வேண்டும்.

"இத எல்லாரும் கேக்கணும். நீ வாசிட்டி," என்றார் மகளிடம். எங்களைப் பார்த்து, "நான் சொன்னா அப்பன் கொடுமக்காரன். கதையில வந்தா புத்தி வரும்லா?"

தனக்கு எதிரான கதையை அக்காவே தன் வாயால் வாசிக்க வேண்டும். வாரா வாரம்.

முன்னறையில் கழித்துவிட்ட லைன் பாக்ஸ் ஒன்று கிடந்தது. கார்டுகள் கொடி, விளக்கு, எச்சரிக்கை வெடி எல்லாம் வைத்துத் தூக்கிப்போகும் கறுப்பு இரும்புப் பெட்டி. அதன்மேல் அக்கா உட்காருவாள். பெட்டியின் விளிம்பில், அவள் முழங்கைக்குப் பக்கத்தில், நான். எதிரே பாயில் என் அம்மா, அத்தை, சிக்னல் கேபின்காரர் வீட்டுச் சித்தி. கதவோரம் மணைப்பலகை போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு வங்காளி மாஸிமா. மாஸிமாவுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் ஒரு கிண்ணம் பொரியோடு தவறாமல் வந்துவிடுவார். மாமா நாற்காலியில், காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு.

முதல் ஓரிரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எங்கள் எல்லோருக்கும் அந்த டெலிபோன் பொண்ணைப் பிடித்துப்போக ஆரம்பித்தது.

எப்படி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எழுதியவர் நடு நடுவே கதையை நிறுத்திவிட்டு, தானே வந்து புலம்புவார். 'பேதைப் பெண்! தன் காலடியில் பள்ளம் இருப்பதை அவள் அறியவில்லை' என்பது போல. அந்த வரிகள் வந்தால் அக்கா ஹவுரா ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரே மூச்சில் ஓட்டிவிடுவாள். பெண் வேலை செய்யும் இடத்தைப் பற்றி அவர் ஏதோ போனால் போகிறது என்று சில வரிகள்தான் எழுதியிருப்பார். விளக்குகள் மினுங்கும் பலகை, காதில் கருவி, எங்கோ ஒரு ஊரில் ஒருவர் இன்னொருவரோடு பேச இவள் விரல் கம்பியைச் செருகுவது. அந்த இடம் வந்தால் அக்காவின் குரல் நிதானமாக நடக்கும். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். பெரிய கதையில் அந்தச் சின்ன இடம்தான் எங்கள் மனதில் பெரிதாக நின்றது.

கதையில் தெருப் பெண்கள் குழாயடியில் நின்று அவளைப் பற்றி வம்பு பேசுவார்கள். எழுதியவர் அவர்கள் சொல்வது சரி என்ற மாதிரிதான் எழுதியிருந்தார். அக்கா அந்தப் பேச்சை மூக்கால் வாசித்தாள். கேபின் சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன்டி, அது நானா? என்னைய மாதிரியே இருக்குது!"

"ஐயோ சித்தி, புஸ்தகத்துல இருக்கதத்தான் வாசிக்கேன்."

மாமா கண்ணைத் திறந்தார். "ஏட்டி, நேரா வாசி. நாடகமா போடுத?"

"இருக்கதத்தானப்பா வாசிக்கேன். வேணும்னா பாருங்க."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். விரலால் வரியைத் தடவினார். எல்லாம் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். பிடிபடாத ஒரு திருடனைத் தேடும் முகம்.

எனக்கும் அதே சந்தேகம்தான். அக்கா நடுவில் சொந்தமாகச் சேர்க்கிறாள் என்று நினைத்தேன். கண்டுபிடிக்க வழியில்லை, ஏனென்றால் ரயில்வே பள்ளிக்கூடத்தில் எனக்கு வங்காளமும் ஹிந்தியும்தான். தமிழ் எழுத்து தெரியாது. பெட்டி விளிம்பில் உட்கார்ந்து அவள் விரல் எந்த எழுத்தின்மேல் போகும்போது வாயில் எந்தச் சத்தம் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வரும் முறையில், அம்மாவைப் பிடுங்கி எடுத்து எழுத்துக் கூட்டினேன். நான் தமிழ் படித்த கதை இதுதான். ஆசையால் இல்லை, வேவு பார்க்க.

ஒரு பக்கத்தை முழுதாகக் கூட்டிப் படித்து முடித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அக்கா எதையும் மாற்றவில்லை. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. ஆனால் தனியாகப் படித்தபோது அது வேறு கதையாக இருந்தது. அதில் அந்தப் பெண்ணைக் கண்டால் எனக்கே பயமாக இருந்தது. அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எழுதியவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். அப்பா என்ன நினைக்கிறார், அம்மா என்ன நினைக்கிறாள், எதிர்வீட்டுக்காரன் என்ன நினைக்கிறான், எல்லாம் உண்டு. அவள் நினைப்பது மட்டும் இல்லை. 'அவள் பதில் சொல்லவில்லை' என்று இருக்கும். அக்கா அந்த வரியை வாசித்துவிட்டு நிறுத்துவாள். யார்டில் வேகன்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்கும்வரை நிறுத்துவாள். அந்த இடைவெளியில் நாங்கள் எல்லோரும் அவளுக்காகப் பதில் சொல்லிக்கொள்வோம்.

பெரியவர்கள் இதையெல்லாம் எப்படித் தப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. "பொண்ணு படிஞ்சுட்டா பாருங்க, எவ்வளவு அடக்கமா வாசிக்குது," என்றாள் என் அம்மா. அத்தையும் அப்படித்தான் நம்பினார். மாப்பிள்ளை பார்க்க ஊருக்குச் சொல்லி அனுப்பலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

மாமா மட்டும் நம்பவில்லை. ஒரு வாரம் பத்திரிகையைத் தானே எடுத்துக்கொண்டார். "இன்னைக்கு நான் வாசிக்கேன்." வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எங்கே நின்றது என்று எழுதிப் பழகிய மனிதர், அதே மாதிரி வாசித்தார். எழுதியவர் புலம்பும் இடங்களில் மட்டும் குரல் கனத்தது, எங்களை ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார். அத்தை அடுப்பைப் பார்க்க எழுந்து போனார். கேபின் சித்தி சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். மாஸிமா பாதியிலேயே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முடிந்ததும் சித்தி விழித்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணாச்சி, பொண்ணு இன்னிக்கு வேலைக்குப் போனாளா இல்லையா? ஏய் பொண்ணே, நீ ஒரு தடவை வாசிச்சுடு. அண்ணாச்சி கதையை கூட்ஸ் வண்டியில ஏத்திட்டாரு."

மாமா பத்திரிகையைப் பெட்டிமேல் போட்டுவிட்டு வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் அக்காவே மறுபடி வாசித்தாள்.

மாஸிமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசிப்பு முடிந்ததும் அவர் என் பாவாடையைப் பிடித்து இழுத்துக் கேட்பார்: "கீ ஹோலோ?" என்ன ஆச்சு? எங்கள் வீட்டில் வங்காளம் நன்றாக வந்தது எனக்குத்தான். அம்மாவின் வங்காளம் காய்கறிக்காரரோடு நின்றுவிடும். கூட்டத்தில் பேச எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் அவர் காதோடு காதாகச் சொல்வேன். அந்தக் கதையில் இருந்த பெரிய பெரிய சொற்களுக்கு எனக்கு வங்காளம் தெரியாது. மானம், குலம், பேதைமை, பாழாய்ப்போன நாகரிகம் என்று வந்தால் விட்டுவிடுவேன். மிஞ்சுவதைச் சொல்வேன். அவள் வேலைக்குப் போனாள். மழையில் நனைந்துகொண்டு திரும்பி வந்தாள். சம்பளத்தை அப்பாவிடம் கொடுத்தாள். தம்பிக்கு ஃபீஸ் கட்டினார்கள். பக்கத்து வீட்டில் திட்டினார்கள்.

மாஸிமா பொரியை மென்றுகொண்டே ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்பார். "அவ என்ன தப்பு பண்ணா?"

"தெரியல மாஸிமா. அடுத்த வாரம் வரும்."

தப்பு அடுத்த வாரம் வரும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அவ்வளவு பேர் திட்டுகிறார்கள், கதை எழுதுகிறவரே திட்டுகிறார், தப்பு இல்லாமலா இருக்கும்? எங்கோ பின்னால் வைத்திருக்கிறார் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

மழை ஓய்ந்தது. ஜீல் ஏரிக்கு அந்தப் பக்கம் காஷ் நாணல் பூ வெளுத்துக்கொண்டு நின்றது. பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டினார்கள், துணி சுற்றினார்கள், தாக் மேளம் அடித்தது, அம்மனைத் தண்ணீரில் விட்டுவிட்டு எல்லோரும் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தார்கள். பந்தல் பிரித்த இடத்தில் ஆணியும் கயிறும் கிடந்தன. அக்கா பயிற்சிக்குப் போய்ச் சேர வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. மாமா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைசி அத்தியாயம் வந்தது. 'முற்றும்' என்று போட்டிருக்கிறது என்று அத்தை உலர்த்தும்போதே பார்த்துவிட்டார்.

அன்று எல்லோரும் நேரத்திலேயே வந்துவிட்டோம். சாயங்காலம், விளக்கு வைத்துக் கொஞ்சம்தான் ஆகியிருக்கும். அக்கா சில வரிகள் வாசிப்பதற்குள் லோட் ஷெடிங், கரண்ட் போய்விட்டது. அந்தக் காலத்தில் அது தினப்படி வழக்கம்தானே, யாரும் எழவில்லை. இருட்டில் மாமா எழுந்து போய்த் தன் கைவிளக்கை ஏற்றிக்கொண்டு வந்தார். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று கண்ணாடி திரும்புமே, அந்த மண்ணெண்ணெய் விளக்கு. கதையாக இருந்தால் அவர் அந்த இடத்தில் பச்சையைத் திருப்பியிருப்பார். நடந்தது அப்படியில்லை. வெள்ளையைத் திருப்பினார். பச்சை வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பத்திரிகைமேல் வெளிச்சம் விழும்படி தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எப்படியும் இந்த முடிவை மகள் வாசித்தாக வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

அன்று அக்கா எதையும் ஓட்டவில்லை. மூக்கால் பேசவில்லை. எங்கும் நிறுத்தவில்லை. எழுதியவர் எப்படி எழுதியிருந்தாரோ அப்படியே, தலையைத் தூக்காமல் வாசித்தாள். பெண்ணைக் கேட்டு வந்த வரன் தட்டிப்போனது. அப்பா படுக்கையில் விழுந்தார். பெண் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து அவர் காலில் விழுந்தாள். 'என்னை மன்னித்துவிடுங்கள் அப்பா' என்று கதறினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அவள் தலையில் கை வைத்தார். அதற்குக் கீழே எழுதியவர் தன் கடைசிப் பேச்சைப் பேசியிருந்தார். 'வாசகப் பெண்களே, இவள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.' அக்கா அதையும் வாசித்தாள். 'முற்றும்' என்பதையும் வாசித்தாள்.

 கேபின் சித்தி வளையலை உருட்டிக்கொண்டிருந்தார். என் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எங்கள் வீட்டில் ஒருத்தியாக இருந்த பெண்ணை யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டது போல இருந்தது எங்களுக்கு.

மாஸிமா என் பாவாடையை இழுத்தார். "கீ ஹோலோ? ஏன் எல்லாரும் அழுறீங்க?"

எனக்கும் அழுகை.  முடியாது என்று தலையை ஆட்டினேன்.

மாஸிமா சுற்றிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். மாமா பக்கம் திரும்பினார். யார்டில் நாள் முழுக்க வங்காளிகளோடு பேசுகிறவர், எங்களில் யாரையும்விட அவருக்கு அந்தப் பாஷை சரளமாக வரும். "தாதா, நீங்க சொல்லுங்க." அண்ணனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மாமா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். அவருக்கும் அது ஒரு வாய்ப்பாகத் தோன்றியிருக்கும். கடைசியில் அந்தப் பெண் அப்பா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள் என்று சொன்னார்.

"ஏன்? கீ தோஷ் கொரேச்சே?" என்ன தப்பு பண்ணினாள்? மாஸிமா வாரா வாரம் என்னிடம் கேட்ட அதே கேள்வி.

மாமா சிரித்தார். இது கூடத் தெரியவில்லையா என்ற சிரிப்பு. சொல்ல வாயைத் திறந்தார். 

"சாக்ரி கொரேச்சே," என்றார். வேலை பார்த்தாள்.

"ஆர்?" அப்புறம்?

"ராத்திரி டியூட்டி."

"ஆர்?"

மாமா யோசித்தார். எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது, அவர் நிஜமாகவே தேடினார். இத்தனை வாரம் வாசித்த பக்கங்களுக்குள் போய், அந்தப் பெண் செய்த தப்பைத் தேடினார். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக டியூட்டி பார்த்த மனிதர். எழுதியவரின் கனத்த சொற்கள் எதுவும் அவருடைய யார்டு வங்காளத்துக்குள் வரவில்லை. விளக்கு அவர் கையில் தாழ்ந்தது, அக்காவின் மடியில் இருந்த வெளிச்சம் தரைக்கு இறங்கியது.

"ஆர் கிச்சு நா," என்றார் கடைசியில். வேறொன்றும் இல்லை.

அதைச் சொன்னபிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். மாஸிமா "அட கடவுளே" என்று தன் பாஷையில் சொல்லிவிட்டு, பொரிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பத்திரிகையை மூடி மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் பேசவில்லை. கதையிலும் அந்தப் பெண் பதில் சொல்லாமல்தான் இருந்தாள். ஆனால் அக்காவின் மனதில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் தெரியாதவர் யாருமில்லை.

"எண்ணெய் வீணாப் போகுது," என்று சொல்லி மாமா விளக்கை அணைத்தார்.

இருட்டில் உட்கார்ந்திருந்தோம். யார்டில் ஏதோ வண்டி கோர்க்கும் சத்தம். கொசு. மண்ணெண்ணெய்ப் புகை மணம். நாற்காலிப் பக்கமிருந்து மாமாவின் குரல் வந்தது.

"என்னைக்குப் போய்ச் சேரணும்?"

"திங்கக்கெழம," என்றாள் அக்கா.

"மொத நாளே நைட் டியூட்டி போடுவானா?"

"படிக்கிறவங்களுக்கு மொதல்ல பகல்தான்ப்பா. பொறவுதான் நைட்டு."

"நைட்டுன்னா டார்ச் வேணும். என்கிட்ட இருக்க டார்ச் நல்லா எரியும்." உடனே, "தண்ணி பாட்டில் சின்னது கொண்டு போகாத. ராத்திரி தாகம் எடுக்கும். எனக்குத் தெரியும்லா," என்றார்.

அத்தை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மாஸிமாவுக்கு இது எதுவும் புரியவில்லை. இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்து, "கீ ஹோலோ?" என்றார்.

கூட்டத்தில் என் குரல் அதுவரை யாரும் கேட்டதில்லை. காதோடு சொல்லாமல், அறைக்கே கேட்கும்படி சொன்னேன். "தீதி ஜாபே." அக்கா போகிறாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். அக்கா மேட்ரனாகி ரிட்டயரானாள், உங்களில் பாதிப் பேர் வீட்டுப் பிரசவத்துக்கு அவள்தான் ஓடி வந்தாள். மாமாவும் அத்தையும் இல்லை. நம் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். லைன் பாக்ஸ் பழைய இரும்புக்குப் போனதாகச் சொன்னார்கள். அந்தத் தொடர்கதை எந்த வீட்டிலும் பிழைக்கவில்லை. கடைசியாகப் பத்திரிகை போகும் வீட்டில் சமையல் குறிப்பை வெட்டிக்கொண்டு மீதியை அலமாரியில் விரித்துவிடுவார்கள்.

போன மாதம் டாலிகஞ்சில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது கேட்டேன்: "அக்கா, வேணும்னுதானே அப்படி வாசிச்சே? எங்கள உன் பக்கம் இழுக்கத்தானே?"

டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தாள். "போ ஏட்டி. எனக்கு அவ்ளோ சூது எங்க இருந்துச்சு? வாய்க்கு வராத வரிய வேகமா ஓட்டினேன். பிடிச்ச எடத்துல நின்னேன். அவ்ளோந்தான்." பிறகு, "கடைசி அத்தியாயத்துல ஓட்டல பாத்தியா? அன்னைக்கு எனக்குச் சலிச்சுப் போச்சுட்டி. எழுதினவன் என்ன சொல்லுதான்னு எல்லாரும் கேக்கட்டும்னு விட்டுட்டேன்," என்றாள்.

இதற்கெல்லாம் என்ன பெயர் என்று படித்தவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தக் கதையின் நீதி கடைசி வரியில் பளிச்சென்று இருந்தது. அதை எல்லோரும் கேட்டோம், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்குள் இறங்கியது வேறு. எங்கே வேகம், எங்கே நிறுத்தம், எழுதியவர் யாருடைய நினைப்பைச் சொல்லி யாருடையதை மறைத்தார் என்பதெல்லாம்தான் எங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது. எழுதியவர் தள்ளியது ஒரு பக்கம், அக்கா தள்ளியது இன்னொரு பக்கம். மாமா அதை வேறு பாஷையில் தன் வாயால் சொல்லிப் பார்த்த அன்றுதான் இரண்டு தள்ளலும் இல்லாமல் கதை தரையில் நின்றது.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். வரும் ஞாயிறு அந்தத் தாயிடம் சொல்வேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். கடைசியில் மாரல் கிடையாது. கதை முடிந்ததும் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவேன்: தமிழ் தெரியாத ஒருவரைப் பிடியுங்கள், எதிர்வீட்டுத் தோழன், வேலைக்கு வரும் தீதி, கேட்டில் நிற்கும் காவல்கார தாதா, யாரானாலும் சரி. அவர்களிடம் இந்தக் கதையை வங்காளத்திலோ ஹிந்தியிலோ சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். அடுத்த ஞாயிறு வந்து எங்கே பதில் வரவில்லை என்று எனக்குச் சொல்லுங்கள்.

வகுப்பே வேண்டாம் என்று அந்தப் பெற்றோர்கள் முடிவு செய்தாலும் சரி. யார் வீட்டு முன்னறையிலாவது உட்கார்ந்து வாசிப்பேன். கதவோரம் ஒரு மணைப்பலகை மட்டும் போட்டு வைப்பேன். பாஷை தெரியாமல் வந்து உட்கார்ந்து, என்ன தப்பு பண்ணினாள் என்று கேட்கும் ஒருவருக்கு அந்த இடம்.